நாப்பது அடி

வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வாய்க்குள்ளேயே குனிந்து கிடக்கிற ஒருத்திக்கு, ஏழாவது நாளாவது எதையாவது தள்ளி நின்று பார்க்கணும்னு ஆசை வராதா என்ன? நம்ம பல் டாக்டருக்கு வந்தது. வந்ததும் சும்மா இருந்தாளா… ஒரு கேமராவை வாங்கிக்கொண்டு, ஊருக்கு வெளியே வேலை நின்றுபோன கல்குவாரியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அங்கே எதிர்ப் பாறை இடுக்கில் ஒரு கொம்பன் ஆந்தை குடியிருந்தது. இரண்டு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், இவளும் அதுவும் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வருஷம் கூட்டில் இரண்டு குஞ்சுகள். இரண்டு வாரத்தில் பறந்துவிடும். மாசக் கடைசியில் குவாரியைச் சுற்றி வேலி போட்டு, மண்ணைக் கொட்டி மூடப் போகிறார்களாம். ஆக, தாய் ஆந்தை இரண்டு இறக்கையையும் விரித்துக் கிளம்புகிற அந்த ஒரு படம்… இப்போது விட்டால் எப்போதும் இல்லை. அவளிடம் இருந்த குட்டி லென்ஸில் ஆந்தை பட்டாணி அளவுக்குத்தான் விழுந்தது. நாலு வருஷச் சேமிப்பை எடுத்துக்கொண்டு லென்ஸ் கடைக்குக் கிளம்பிவிட்டாள். கிளம்பின நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு அக்கா. லென்ஸ் மேஜைக்குப் பின்னால் அந்த அக்காவின் தம்பி. சொட்டச் சொட்ட நனைந்து நின்றவளைப் பார்த்ததும், கையில் கிடைத்த மெத்தென்ற மஞ்சள் துணியை எடுத்து நீட்டினான். அவளும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அப்புறம்தான் தெரிந்தது, அது லென்ஸ் துடைக்கிற துணியாம். கல்லாவிலிருந்து அக்கா ஒரு இருமல் இருமினாள்.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டான். பல் டாக்டர் என்றதும் டக்கென்று வாயை மூடிக்கொண்டான். எல்லோரும் அப்படித்தான்… அவளுக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் இவன் மூடிக்கொண்டு, ஒற்றைக் கண்ணை லேசாகச் சுருக்கிப் பார்த்தான் பாருங்க… கேமராவுக்குள் பார்த்துப் பார்த்து வந்த பழக்கமாக இருக்கும். இருந்தாலும் அப்படி ஒருத்தன் தன்னை உற்றுப் பார்த்து ரொம்ப நாள் ஆச்சு என்று அவளுக்குத் தோன்றியது.

எந்த லென்ஸ் கேட்டாலும் அவனுக்கு மூன்று கேள்விதான். என்ன மிருகம்? எவ்வளவு தூரம்? எவ்வளவு வெளிச்சம்? அவள் ஆந்தையைச் சொன்னாள், குவாரியைச் சொன்னாள், சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில்தான் கிளம்பும் என்றாள். தூரம்?

"நாப்பது இருக்கும்," என்றாள், ஈர முடியை ஒதுக்கிக்கொண்டு.

அவன் ஏதோ கேட்க வாயெடுத்தான். கேட்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கணக்குப் போடுகிறான் போல என்று அவள் பேசாமல் காத்திருந்தாள்.

அப்புறம் மளமளவென்று எடுத்து வைத்தான். இதெல்லாம் ஜூம் கிடையாது, ஒன்றே ஒன்றுக்காகச் செய்தது. எண் கூடக் கூட, தூரத்தில் இருப்பது பெரிசாகத் தெரியும். முன்னூறு மில்லிமீட்டர் என்றால் முன்னூறுதான், அறுநூறு என்றால் அறுநூறுதான்… முன்னே பின்னே இழுக்க முடியாது. அதனால்தான் படம் இவ்வளவு துல்லியம். முன்னூறுக்கு வாய் அகலம், கொஞ்ச வெளிச்சமும் போதும், கையிலேயே பிடிக்கலாம். ஐநூறு நடுவாந்திரம். ஆனால் நாற்பதுக்கு அதெல்லாம் பத்தாது, அறுநூறுதான் சரி என்று ஒரே போடாகப் போட்டான். தூக்கிப் பார்த்தாள். மூன்று கிலோ… பிறந்த குழந்தை கனம். இடது கையை அடியில் கொடுக்கணும் என்று பிடித்துக் காட்டும்போது விரல் பட்டது. சீக்கிரமே எடுத்துக்கொண்டான். அவ்வளவு சீக்கிரம் எடுத்திருக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் உட்காருகிற பாறைத் திட்டில், சேமிப்பைக் கொட்டி வாங்கின அறுநூறை நிறுத்தினாள். சாயங்காலம் ஆந்தை கிளம்பியது. விடாமல் அழுத்தினாள். வீட்டுக்கு வந்து பார்த்தால்… முப்பத்தேழு படம். ஒவ்வொன்றிலும் மூக்கு இருக்கிறது, நெஞ்சு இருக்கிறது, ஆரஞ்சு நிறக் கண் இருக்கிறது. இரண்டு பக்கமும் இறக்கை வெட்டுப்பட்டிருக்கிறது. பின்னால் தள்ளி உட்காரலாம் என்றால் முதுகுக்குப் பின்னால் சுவராகப் பாறை. முன்னால் குவாரியில் தேங்கின தண்ணீர்.

திங்கட்கிழமை மத்தியானம் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். அழுது மூக்கு நுனி சிவந்திருந்தது. இறக்கை வெட்டுப்பட்ட படங்களைக் காட்டினாள்.

நாற்பது மீட்டருக்கு இதுதானே சரி என்று அவன் புரியாமல் ஆரம்பித்தான்.

"மீட்டரா? மீட்டர்னு யார் சொன்னது? குவாரி மேல விளிம்போட காலடி வச்சு அளந்திருக்கேன். நாப்பது அடி."

அவன் முகம் வெளுத்துவிட்டது. நாற்பது அடி என்றால் பன்னிரண்டு மீட்டர். அந்தத் தூரத்துக்கு அறுநூறைக் கொடுத்தால் ஆந்தை மட்டுமல்ல, இறக்கை விரித்த கோழிகூட முழுசாக விழாது. அக்கா எழுந்து வந்து, அடியா மீட்டரா என்று கேட்டாயா இல்லையாடா என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். தப்பு என்னோடது என்று மட்டும் சொன்னான். ஏன் கேட்கவில்லை என்பதற்குப் பதிலே இல்லை.

பதில் சொல்லாதவனைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? "விலை கூடினதைத் தள்ளிவிட்டாப் போதும்னு நினைச்சிருக்கீங்க," என்றாள் அவள். நிதானமாகத்தான் சொன்னாள். அதுதான் அதிகம் சுட்டது. அவன் நிமிர்ந்து ஒரு தரம் பார்த்துவிட்டு, லென்ஸைப் பெட்டிக்குள் வைத்தான்.

அக்கா சட்டத்தைச் சொன்னாள். பெட்டி பிரித்தாகிவிட்டது. கம்பெனிக்கு எழுதிப் போட்டு மாற்றி வாங்க இரண்டு வாரம் ஆகும். குஞ்சு பறக்க இருப்பதோ பத்து நாள்தான். தன்னுடைய சொந்த முன்னூறு ஒன்று இருக்கிறது, பழசுதான், ஆனால் நல்ல லென்ஸ், அதுவரை வைத்துக்கொள்ளுங்கள் என்றான் அவன். ஓசி லென்ஸ் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தாளே தவிர, ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. படம் போச்சே என்று வருத்தம். அதற்கு மேல் இன்னொரு வருத்தமும் இருந்தது. அது என்ன என்று அவள் யோசிக்கவே இல்லை… யோசித்தால் தெரிந்துவிடும் என்று பயம்.

புதன்கிழமை மறுபடி வந்தாள். கம்பெனியிலிருந்து பதில் வந்ததா என்று கேட்க. வரவில்லை. அதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அவள் அரைமணி நேரம் நின்று சண்டை போட்டாள். அவன் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, போகும்போது மட்டும், குஞ்சு ரெண்டும் நல்லா இருக்கா என்று கேட்டான். இருக்கு என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனபோது லென்ஸ் மேஜை காலியாக இருந்தது. அக்கா மட்டும்தான். உட்காரச் சொல்லி, டீயை ஊற்றிக் கொடுத்து, மெல்ல ஆரம்பித்தாள்.

"டாக்டரம்மா, ஒம்போது வருஷமா இவன் இந்த மேஜையில நிக்கறான். அடியா மீட்டரான்னு கேக்காம ஒரு லென்ஸ்கூட வித்ததில்ல. போன மாசம் ஒருத்தர் அறுநூறுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. உங்களுக்கு முன்னூறே போதும் சார்னு சொல்லி அனுப்பிட்டான். ஒரு வாரம் நான் அவன்கூட பேசல. அவனாவது, தள்ளிவிடறதாவது… ஆனைக்கும் அடி சறுக்கும்பாங்க. என் தம்பிக்கு அடியிலயே சறுக்கிடுச்சு. ஏண்டா கேக்கலன்னா வாயைத் திறக்க மாட்டேங்கறான்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. ஒரு யோக்கியன் மேல் பழியைத் தூக்கிப் போட்டுவிட்டோமே என்று அவளுக்கு உடம்பு கூசியது. எங்கே அவர் என்று கேட்டாள்.

"உங்க குவாரிக்குத்தான் போயிருக்கான். அவனோட பழைய முன்னூறைத் தூக்கிட்டு. சொல்லாதேன்னான்… நான் சொல்லிட்டேன்."

கேமரா எப்போதும் அவள் பையில்தான் இருக்கும். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வழியெல்லாம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்தாள்… நாலு விதமாக யோசித்து நாலையும் மறந்தாள்.

பாறைத் திட்டில் அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மூணு கால் ட்ரைபாட். அதன் மேல் முன்னூறு, கூட்டைப் பார்த்துத் தயாராக. அவளைக் கண்டதும் பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தான். எதிரே ஆந்தை தலையைத் திருப்பியது.

எழுந்திருக்காதீங்க, புது ஆள் நடமாட்டம் தெரிந்தால் கூட்டுப் பக்கமே வராது என்று அவள் கிசுகிசுத்தாள். திட்டு சின்னது. வேறு வழியில்லாமல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. வேறு வழியில்லாமல்தான்… நம்புங்கள்.

லென்ஸின் மேலே சின்னக் கண்ணாடி ஜன்னலில் தூரம் தெரியும். கூட்டுக்கு ஃபோகஸ் செய்து வைத்திருந்ததை அவன் விரலால் காட்டினான். ஒரு வரியில் அடி, கீழ் வரியில் மீட்டர். நாற்பது, பன்னிரண்டு.

"கரெக்டாத்தான் சொல்லியிருக்கீங்க," என்றான். "குடுத்தா வாங்கிக்க மாட்டீங்கன்னு தெரியும். ஞாயித்துக்கிழமை நீங்க வர்றதுக்கு முன்னாடி இங்க நிறுத்திட்டு ஓடிடலாம்னுதான் இடம் பார்க்க வந்தேன்."

அவள் கேமராவை லென்ஸில் பொருத்தினாள். அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிச்சிடுங்க என்றாள், கூட்டைப் பார்த்துக்கொண்டே. பரவாயில்லை என்றான், அவனும் கூட்டைப் பார்த்துக்கொண்டே.

"ஏன் கேக்கல? அடியா மீட்டரான்னு?"

அவன் லென்ஸ் மூடியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"வாயைத் திறக்க வைக்கறது என் தொழில் சார். வலிக்காது. சொல்லுங்க."

அவன் சிரித்துவிட்டான்.

"எல்லார்கிட்டயும் கேப்பேன். அன்னைக்கும் கேக்கத்தான் வாயெடுத்தேன். நீங்க முடியை ஒதுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தீங்க… அவ்வளவுதான். அடியும் ஞாபகம் இல்ல, மீட்டரும் ஞாபகம் இல்ல. உங்களைப் பார்த்துட்டே இருந்தேன், கேக்க விட்டுப் போச்சு. இதை அக்கா முன்னாடி எப்படிச் சொல்றது? உங்ககிட்டதான் எப்படிச் சொல்றது? படம் போச்சேன்னு அழுது நிக்கறவங்ககிட்ட, உங்க கண்ணைப் பார்த்ததுல தப்பாயிடுச்சுன்னா செருப்பால அடிப்பீங்க. திருடன்னு நினைச்சாலும் நினைச்சுட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன்."

அவளுக்குக் காது மடல் சூடானது. அந்த நேரம் பார்த்து ஆந்தை இடுக்கின் விளிம்புக்கு நடந்து வந்து உடம்பைத் தாழ்த்தியது.

"அசையாதீங்க," என்றாள்.

கிளம்பியது. அழுத்தினாள். ஒன்பது படம். ஆந்தை அவர்கள் தலைக்கு மேலே சத்தமில்லாமல் கடந்து போனது. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நாலாவது படத்தில் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரைக்கும் இறக்கை முழுசாக இருந்தது, பின்னால் கூட்டில் இரண்டு குஞ்சும் வாயைப் பிளந்துகொண்டு. இருட்டுகிற வெளிச்சத்திலும் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. இரண்டு வருஷம்… அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதாள். அவன் கைக்குட்டையைத் தேடினான். இல்லை.

"டாக்டர்," என்றான் கடைசியில். "நான் சொன்னது தப்புன்னா, சொல்லலைன்னு வச்சுக்குங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க கடை நம்பர் பில்லுலயே இருக்கு. போன்லயே திட்டியிருக்கலாம். மூணு தடவை கிளினிக்கைப் பூட்டிட்டு வந்தேன். இன்னைக்கு ஒருத்தருக்குப் பாதிப் பல்லை அடைச்சுட்டு, மீதிக்கு நாளைக்கு வாங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். லென்ஸுக்காகவா வந்தேன்? உங்களைப் பார்க்கணும்னு இருந்துச்சு. கோவம் இருந்தப்பவும் பார்க்கணும்னுதான் இருந்துச்சு."

தூறல் விட்டிருந்தது. அவன் ட்ரைபாடின் காலை மடக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டான்.

"நாளைக்கும் வரட்டுமா?"

"எதுக்கு? படம்தான் கிடைச்சாச்சே."

"படத்துக்காகக் கேக்கல."

"அப்ப இங்க வேண்டாம். எங்க வீட்டுக்கு வாங்க… அப்பா அம்மா இருக்கற நேரமா. அக்காவையும் கூட்டிட்டு வாங்க."