மூத்தவள் பிரித்த பெட்டி

"என் கையில செத்தா என் கை சரியில்ல, உன் கையில பொழைச்சா அது கைராசியா? பையை எவ கட்டினான்னு மீனுக்குத் தெரியுமாடி?"

மூத்தவளின் குரல் மீன் தொட்டிகள் நிற்கும் முன்னறையைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டது. தெருவும் அதற்காகத்தான் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலியேக்கா. வாங்கறவங்கதான் சின்னம்மா கட்டின பைதான் வேணும்ங்கறாங்க." இளையவள், கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள், குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை.

"சின்னம்மாவாம்! நேத்து வந்தவ இன்னிக்குச் சின்னம்மா!"

"போதும் நிறுத்து," என்றான் மூத்தவளின் புருஷன். "இனிமே வெளியூர் போற ஃபைட்டர் மீனெல்லாம் சின்னவளே கட்டட்டும். நீ தொட்டியைக் கழுவு."

ஒன்பது வருஷம் அவள் நின்ற மேசை அது. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதிக்கு ஆக்சிஜன். மீன் இடுக்கில் சிக்காமலிருக்க மூலைகளில் டேப். ஃபைட்டர் மீன்கள் ஒன்றையொன்று பார்த்தால் செவுள் விரித்துச் சண்டைக்கு நிற்கும் என்பதால் பைக்குப் பை செய்தித்தாள். ஓரகத்திகளுக்கு நடுவில் வைக்கத்தான் அந்த வீட்டில் காகிதம் இல்லை.

அனுப்பும் மீனுக்கு இரண்டு நாள் பட்டினி போடுவார்கள். தின்ற மீன் கட்டிய பைக்குள் கழிந்து, அந்தத் தண்ணீரே விஷமாகிச் சாகும். மறுநாள், இளையவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, மூத்தவள் பட்டினி மீன்களின் கண்ணாடிக் கிண்ணங்கள் இருபதிலும் விரல் நிறையப் புழுவைப் போட்டாள். மீன்கள் ஆவலாகத் தின்றன. தின்றுவிட்டு விலகிப் போகாமல், இருபதும் கண்ணாடியோரம் வந்து, அவள் மூச்சு பட்டு மங்கிய இடத்திலேயே நின்றன. அவளுக்கு அது பிடிக்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் இளையவள் பை கட்டி அடுக்கிய பெட்டி வெளியூர் போயிற்று. செத்த மீன் புகாருக்காக மூத்தவள் போன் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். புகார் வரவில்லை. எட்டாம் நாள் காலை பெட்டியே திரும்பி வந்தது. வாங்க வேண்டியவர் வீடு பூட்டிக் கிடந்ததாம்.

"எட்டு நாளாச்சு, நாறும். கொண்டுபோய்க் கொட்டு," என்றான் புருஷன். அவளுக்கு வாயெல்லாம் சிரிப்பு. செத்த இருபதையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, வீட்டையே கூப்பிட்டுக் காட்ட வேண்டும்.

பெட்டியைப் பை கட்டும் உள்ளறைக்குத் தூக்கிப் போனாள். மீன் மிரளாமலிருக்க ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டிய அறை அது. பட்டப்பகலிலும் பச்சை கலந்த இருட்டு, பாசியும் ரப்பரும் கலந்த வாசனை, தொட்டி மோட்டார்கள் சுவருக்கு அப்பால் விடாமல் முனகும் சத்தம். அந்த முனகலுக்கு அடியில் இன்னொன்று, பெட்டிக்குள்ளிருந்து, பிளாஸ்டிக் மெல்லக் கசங்கி மெல்ல நிமிர்வது போல, நின்று நின்று கேட்டது. சரக். சரக். உயிரோடு இருக்கின்றனவோ? அவளுக்கு வயிறு எரிந்தது. அந்தச் சிறுக்கி கட்டினால் எட்டு நாள் தாங்குமோ?

டேப்பைக் கிழித்தாள். நாற்றமே இல்லை. காகிதங்களை உருவி எறிந்தாள்.

மீன்கள் செத்துத்தான் கிடந்தன. வெளுத்து, வயிறு உப்பி, மல்லாந்து.

பைகள்தான் ஏறி இறங்கின.

இருபதும். ஒரே சீராக.

அவள் மூச்சு விட்டாள். பைகள் உப்பின. மூச்சை இழுத்தாள். பைகள் ஒட்டின. மூச்சைப் பிடித்தாள்.

சத்தம் நின்றது.

வாசலில் நிழல். "என்னக்கா, எல்லாம் போச்சா?" இளையவள் உள்ளே வந்தாள். "ஐயோ பாவம். நீங்க தள்ளுங்க, நான் அவுத்து ஊத்திடறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லக் காற்று வரவில்லை.

இளையவள் ஒரு பையை எடுத்தாள். ரப்பர் பேண்டை உருவினாள்.

புஸ்.

நெஞ்சுக்குள் ஏதோ தட்டையாகிப் போயிற்று. இருபதில் ஒரு பங்கு. சரியாக ஒரு பங்கு. மூத்தவள் பாய்ந்து மிச்சப் பைகளின் மேல் விழுந்தாள். அணைத்துக்கொண்டாள். "தொடாத. தொடாதடி. இதெல்லாம் என்னுது."

"வெச்சுக்கோங்கக்கா," என்றாள் இளையவள். "யாரு கேட்டா?"

அந்த வருஷமே இளையவளும் கொழுந்தனும் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். பெரிய கடையாம், பையனும் பிறந்தானாம். மூத்தவளின் புருஷன் ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எதிர்வரிசை மருந்துக்கடைக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் வீட்டோடு போய்விட்டான். போகும்போது தொட்டிகளையெல்லாம் விற்றான். மேசையை மட்டும் விட்டுவிட்டான்.

கறுப்புக் காகிதம் கிழிந்த இடத்தில் கண் வைத்தால் மூத்தவள் தெரிவாள். ரப்பர் நைந்து நைந்து பத்தொன்பதில் நாலு பைதான் மிச்சம். நாலின் கழுத்தையும் இரண்டு கைக்குள் நெரித்துப் பிடித்தபடி நிற்கிறாள். பைகள் ஏறுகின்றன. இறங்குகின்றன. ஒன்றின் மடிப்பில், சின்னதாக, காற்று கசியும் ஒரு குமிழி.