அவள் பெயரில் ஒருத்தி

வேலையில் சேர்ந்த முதல் நாள் மாலை அவள் வீடு திரும்பியபோது குளியலறைத் தரை ஈரமாக இருந்தது. காலை ஆறு மணிக்கு அங்கே கடைசியாகக் குளித்தவள் அவள்தான். கணவன் அதற்கும் முன்பே கிளம்பிவிட்டான், அவன் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. குளிர்காலம், மூடிய அறை, காய நேரமாகத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துணியால் துடைத்துவிட்டாள். ஐந்தாவது மாடி, புது வீடு, புது நாடு. தொட்டதற்கெல்லாம் பயந்தால் குடித்தனம் நடத்த முடியுமா?

இந்தக் குடித்தனத்துக்காக அவள் இரண்டு வருடம் காத்திருந்தாள். குடும்ப விசாவுக்குப் போட்ட முதல் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது என்று கணவன் போனில் அழுதபோது ஆறுதல் சொன்னவளே அவள்தான். சொந்தக்காரர்கள் வாய்க்கெல்லாம் அவல் ஆனாள். போன மாதம் ஒருவழியாக அனுமதி வந்தது. பார்த்த வேலையை விட்டுவிட்டு, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்து சேர்ந்தாள். திரும்பிப் போக இடம் என்று ஒன்று கிடையாது. இங்கே அவனோடு வாழ்க்கை நிலைக்க வேண்டும், வேறெதுவும் அவளுக்கு வேண்டாம்.

வேலை செயற்கைப் பல் செய்யும் கூடத்தில். யாரோ கடித்துக் கொடுத்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் ஓரம் சீவ வேண்டும். ஊரார் பல்லையெல்லாம் பார்த்தாயிற்று, ஒருத்தரும் சிரிக்கத்தான் மாட்டேன் என்கிறார்கள் என்று தம்பியிடம் போனில் சொன்னாள்.

சிரித்துப் பேசிய ஒரே ஆள் எதிர் வீட்டு நர்ஸ். லிஃப்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நாளாகக் கண்ணிலேயே படவில்லையே, இடுப்பு வலி தேவலையா, அன்றைக்கு விழுந்த சத்தம் எங்கள் வீடு வரை கேட்டதே என்று விசாரித்தாள். நான் எங்கேயும் விழவில்லையே என்றதும் நர்ஸ் அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கையை விட்டாள். கணவனிடம் சொன்னபோது அவன் சாப்பாட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"அவங்களுக்கு நம்ம ஆளுங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவாங்க. நீ கண்டுக்காத."

அதன்பிறகுதான் அவள் அவனைக் கவனிக்க ஆரம்பித்தாள். அவன் வீட்டில் குளிப்பதே இல்லை, ஆபீஸிலேயே முடித்துக்கொள்வதாகச் சொன்னான். குளியலறைக்குப் போகும் நடைக்கு முதுகைக் காட்டியேதான் உட்காருவான். அவளோ மாலையில் தனியாக உட்கார்ந்து காய் நறுக்கும்போது, மேல்வீட்டில் நாற்காலி நகரும் சத்தம், லிஃப்ட் ஏறும் உறுமல் எல்லாவற்றுக்கும் அடியில், நடையின் கோடியில் குழாய் சொட்டுவதையும், அந்தச் சொட்டுக்கு நடுவில் யாரோ வறண்ட தொண்டையைக் கனைப்பதையும் கேட்டாள். சோப்பு வாசனைக்குள் பழைய துணி ஊறின நாற்றம் வந்தது. போய்ப் பார்த்தால் குழாய் இறுக மூடியிருக்கும், தரை மட்டும் நனைந்திருக்கும்.

முதல் இரண்டு வாரம் கம்பெனி வேன் வந்தது. பிறகு பஸ். அவள் பெயரில் எடுத்துவைத்திருப்பதாகச் சொல்லிக் கணவன் கொடுத்த பஸ் அட்டை வேலை செய்யவில்லை. சாயங்காலம் நிலையத்துக் கவுன்ட்டரில் நீட்டினாள். கவுன்ட்டர்க்காரர் நல்ல மனிதர். பழுதொன்றும் இல்லை, ஒரு வருடமாக உபயோகிக்காததால் முடங்கியிருக்கிறது, இதோ சரி செய்துவிட்டேன் என்று சொல்லி, கேட்காமலேயே பயண விவரத்தையும் அச்சடித்துக் கொடுத்தார். இந்த ஊரில் ஏறும்போதும் அட்டையைத் தட்ட வேண்டும், இறங்கும்போதும் தட்ட வேண்டும்.

மேலே அவள் பெயர். பிறந்த தேதியும் அவளுடையதுதான். கிட்டத்தட்ட ஒரு வருடம், தினமும் காலையில் அவள் வீட்டு நிறுத்தத்தில் ஏறி, மாலையில் அதே நிறுத்தத்தில் இறங்கியிருந்தது. கடைசி வரி போன குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம் இறங்கியது. அன்று வீட்டுக்குப் போனவள் மறுபடி ஏறவேயில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஆறு மணி. இருட்டிவிட்டது. கணவன் அவளுக்கு முன்பே வந்திருந்தான். கதவருகே பெட்டி.

"என் பேர்ல இங்க யாருங்க இருந்தா?"

அவன் மறுப்பான் என்று நினைத்தாள். மறுக்கட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டாள். அவன் பெட்டிமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். முதல் தடவையே அனுமதி வந்துவிட்டதாம். கூட வேலை பார்த்த ஒருத்திக்கு விசா முடிந்துபோனதாம். அவளை மனைவி என்று சொல்லி, மனைவியின் காகிதங்களில் வைத்துக்கொண்டானாம். யாரும் முகத்தைப் பார்த்துச் சரிபார்க்கவில்லையாம்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா. நான் ஒண்ணும் பண்ணல."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலயா?"

"எப்படிப் போறது? பேப்பர்ல இருக்கிறது நீ. மூணு நாள் தண்ணி தண்ணின்னு கேட்டுட்டே கிடந்தா."

போனில் அழுத அதே குரல். அந்தக் குரலுக்காக எத்தனை ராத்திரி சாப்பிடாமல் படுத்திருக்கிறாள்! அவளுக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது, கை எழவில்லை.

"செத்தப்புறமும் அவ இந்த வீட்டை விட்டுப் போகல. யாரோட பேர்ல கிடந்து செத்தேனோ அவளைக் கொண்டுவந்து விடு, உன்னை விட்டுடறேன்னு சொன்னா." அவன் எழுந்தான். "எனக்கு வேற வழி தெரியலம்மா."

அவள் நகர்வதற்குள் கதவு சாத்திவிட்டது. வெளியில் பூட்டு இரண்டு முறை திரும்பியது. அவளுடைய சாவி கொக்கியில் இல்லை.

கதவைத் தட்டினாள். கூப்பிட்டாள். எதிர் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்கவில்லை.

ஜன்னலுக்கு ஓடினாள். கீழே, தெருவிளக்கடியில், பெட்டியோடு அவன். நிமிர்ந்து பார்த்தான். அவளை அல்ல. அவளுக்குச் சற்று இடப்பக்கம். அங்கே பார்த்துக் கும்பிட்டான்.

பஸ் வந்தது. ஏறினான்.

திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். மூச்சு பட்ட இடத்தில் ஆவி படிந்தது. படிந்து, மறைந்து, மறுபடி படிந்தது.

பக்கத்தில், அதே உயரத்தில், இன்னொரு வட்டம் படிந்தது.

பஸ் திருப்பத்தில் மறையும்வரை இரண்டும் மாறி மாறிப் படிந்துகொண்டிருந்தன.