பாதியாளின் காற்று

காலைச் சங்கு ஊதுவதற்குள் செய்ய வேண்டியவற்றைப் பூரணி ஒவ்வொன்றாகச் செய்து முடித்தாள். படுக்கை விரிப்பை உருவிச் சுருட்டினாள். தலையணையை அலமாரியில் தன் தட்டில் வைத்துப் பூட்டினாள். குளியலறை ஜலதாரையில் சிக்கியிருந்த முடியை எடுத்துப் போட்டாள். சங்கு ஊதிவிட்டால் இந்த அறை அவளுடையது அல்ல. மாலைச் சங்கு வரைக்கும் அது பாதியாளுக்குச் சொந்தம்.

கோலாலம்பூரில் வெளியூர்க்காரர்களுக்கு முழு அறை என்ற பேச்சே ஒழிந்து ஒரு தலைமுறை ஆகிறது. கடல் ஏறி வந்து விரட்டியதில் மணிலாக்காரர்களும் ஜகார்த்தாக்காரர்களும் தூத்துக்குடிக்காரர்களும் இங்கே வந்து குவிந்தால், இடத்துக்கு எங்கே போவது? ஆளுக்குப் பாதி நாள் என்று பிரித்துவிட்டார்கள். ஒரே அறை, ஒரே கட்டில், இரண்டு பாதியாட்கள். அறைக்கு இரண்டு கதவுகள், ஒன்று வருவதற்கு, ஒன்று போவதற்கு. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். முகம் தெரிந்தால் சண்டை வரும் என்று யாரோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்திருக்கிறான். மீறினால் அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

கடைசி வேலை மூச்சுத்தட்டு. காற்றுக்குழாய் அறைக்குள் திறக்கும் இடத்தில், சுவரில் ஒரு பிளவு. உள்ளங்கை அகலத்தில் இருக்கும் அந்த ஃபில்டர் தட்டை அதில் செருகினால்தான் வெளியே நிற்கும் புகைமூட்டம் காற்றாக மாறி உள்ளே வரும். முன்பெல்லாம் அவரவர் தட்டை அவரவரே மாற்றிக்கொண்டார்கள். நம் ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே. புதுத் தட்டை விற்றுவிட்டுப் பழையதையே தட்டி உதறி மாட்டி, நெஞ்சடைத்து விழுந்தார்கள். அதன் பிறகு வந்தது இந்த வழக்கம். போகிறவர்தான் வருகிறவருக்குத் தட்டு மாற்ற வேண்டும். என் மூச்சு உன் கையில், உன் மூச்சு என் கையில். எவன் துணிந்து ஏமாற்றுவான் என்று செய்தியில் புகழ்ந்து தள்ளினார்கள். வஞ்சத்தோடு ஒருத்தி வருவாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பூரணி புதுத் தட்டின் உறையைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். தட்டைத் தன் பைக்குள் தள்ளினாள். பிறகு ஒரு துணிப்பொட்டலத்தைப் பிரித்து, கரி பிடித்துக் கறுத்துப்போன பழைய தட்டு ஒன்றை எடுத்துப் பிளவில் செருகினாள். அதன் ஓரத்தில் ஆணியால் கீறிய ஒரு பெயர் இருந்தது. சுடலை.

சுடலைமுத்து அவளுடைய தம்பி. இதே செம்பாக்கா டவரின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கி, காற்றுக்குழாய் வாய்களைக் கழுவுகிற வேலை. ஒரு பெரும்புகை நாளில் சூப்பர்வைசர் உள்கதவைப் பூட்டிவிட்டார். வெளியே நின்றவன் முகக்கவசத்துத் தட்டு அடைபடும் வரை கதவைத் தட்டியிருக்கிறான். விபத்து என்று எழுதி முடித்தார்கள். ஊருக்கு ஒரு பெட்டி வந்தது. அதில் அவனுடைய செருப்பும், கைப்பேசியும், முகக்கவசத்தில் இருந்த இந்தத் தட்டும் இருந்தன. முகக்கவசத்துக்கும் சுவருக்கும் ஒரே தட்டுதான். வேறு யாரும் மாற்றிக்கொள்ளாமல் இருக்கப் பெயரைக் கீறி வைத்துக்கொள்வான், பாவம்.

அந்த சூப்பர்வைசரின் பெயர் ஞானசிகாமணி. தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துக்காரர். வேலையில் இறக்கப்பட்டு, இப்போது இரவில் குழாய் காவல் பார்த்துவிட்டுப் பகலில் இங்கே தூங்குகிறார் என்று சுடலையின் கூட்டாளி ஒருவன் சொல்லித்தான் பூரணிக்குத் தெரியும். வேலைக்குப் போன மகள் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. அவள் அவருடைய அறையின் மற்றப் பாதி காலியாகும் வரை காத்திருந்து, கேட்டு வாங்கிக்கொண்டாள். என் தம்பி குடித்த புகையை நீயும் குடி. யார் கொடுத்தது என்று தெரிந்து குடி. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் நாள் மாலை அறைக்குத் திரும்பியதும் அவள் நேராகப் பிளவுக்குத்தான் போனாள். அவர் போகும்போது கறுப்புத் தட்டைக் கழற்றியிருப்பார், பெயரைப் படித்திருப்பார், பதிலுக்கு ஏதாவது செய்திருப்பார். ஆனால் பிளவில் வெள்ளை வெளேரென்று புதுத் தட்டு இருந்தது. ஓரங்களை அழுத்திப் பொருத்தியிருந்தார். சுடலையின் தட்டு ஒரு சுத்தமான கைக்குட்டையில் சுற்றப்பட்டு அலமாரியின் மேல் இருந்தது.

மறுநாளும் கறுப்பைச் செருகினாள். அன்று மாலையும் அவளுக்குப் புதுத் தட்டு, அலமாரியில் கைக்குட்டை. அப்படியே நாட்கள் போயின. கட்டிலுக்கடியில் இருமல் துடைத்த காகிதங்கள் கிடக்கத் தொடங்கின. அவற்றில் கறுப்பும் சிவப்புமாகக் கறை. பார்க்கும்போது பூரணிக்கு வயிறு குளிர்ந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் அந்த மடித்த கைக்குட்டையைப் பார்த்தால் மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தத் தளத்தின் மேலாளர் லோகா அக்கா ஒருநாள் அவளை மின்தூக்கி வாசலில் நிறுத்தினார்.

"தங்கச்சி, ஒன்னு கேக்குறேன். உன் பாதியாளு ரொம்ப இருமுறாரு லா. தட்டு ஒழுங்காதானே மாத்துற?"

"குப்பைக் கூடையைப் பாருங்கக்கா. தினமும் உறை கிடக்கும்."

"பார்த்தேன். அவரையும் கேட்டேன். தட்டு நல்ல தட்டுதான், எனக்குத்தான் வயசாயிடுச்சுங்கிறாரு. ஒரு புகார் எழுதுங்க, நான் வந்து பிளவத் திறந்து பார்க்கிறேன்னேன். வேணவே வேணான்னுட்டாரு."

பூரணி அன்று வேலையில் இரண்டு தடவை தவறு செய்தாள். புகார் ஒன்று போதும், அவள் ஊருக்குப் போகும் விமானத்தில் இருப்பாள். அவர் ஏன் எழுதவில்லை? தண்டனை கொடுப்பவளுக்கு உதவியாளன் எதற்கு? தட்டைத் துடைத்து மடித்துத் திருப்பிக் கொடுக்க அவர் யார்? அடிக்க ஓங்கிய கைக்குக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறவனை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலைச் சங்கு ஊதியது. அவள் கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வரும் கதவு திறந்தது.

கறுத்து மெலிந்த ஒரு மனிதர். கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். ஆனால் கத்தவில்லை, எச்சரிக்கை மணியை அழுத்தவும் இல்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"நீ சொடலைக்கு அக்காதானே? மூக்கு அப்படியே இருக்கு."

"அவன் பேரை நீரு சொல்லாதீரும்."

"சரிம்மா."

"கதவை ஏன் பூட்டினீரு?"

அவர் சுவரில் சாய்ந்து இருமினார். முடித்துவிட்டுச் சொன்னார். "தெறந்தா மேல உள்ள பிள்ளைகளுக்குப் புகை போயிரும்னு விசாரணையில சொன்னேன். அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க. அது பொய்ம்மா. உள்ள இன்னொரு கதவும் இருந்துச்சு. அதைச் சாத்திட்டு இதைத் தெறந்து அவனை எடுத்திருக்கலாம். நான் பயந்துட்டேன். எனக்குப் புகை பட்டுருமோன்னு பயந்துட்டேன்."

இத்தனை நாளும் அவள் அவர் வாயிலிருந்து வரவழைக்க நினைத்த சொல் இதுதான். வந்துவிட்டது. ஆனால் கோபம் ஒரு பொட்டும் குறையவில்லை.

"புகார் ஏன் குடுக்கல?"

"அந்தத் தட்டை நீ மாட்டின நாள்ல இருந்துதாம்மா நான் தூங்குதேன்." அவர் குரலில் ஒரு வெட்கம்கெட்ட ஆறுதல் இருந்தது. "அதுக்கு முன்னாடி கண்ணை மூடினா கதவு தட்டுற சத்தம். வருஷக்கணக்கா அதே சத்தம். இப்ப அந்தப் புகையை இழுத்து இழுத்து இருமி முடிச்சா, ஏதோ கட்டித் தீர்க்கோம்னு மனசு அடங்குது. தூக்கம் வந்துருது. நீ நிறுத்திராத தாயி. இன்னும் கொஞ்ச நாள்தான். அதுக்குள்ள முடிஞ்சிரும்."

பூரணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கடல் தாண்டி வந்து, வேலை தேடி, அறை தேடி, இந்த மனிதருக்குத் தாலாட்டா பாடிக்கொண்டிருந்தாள்? தம்பியின் கடைசி மூச்சு அடைத்த தட்டு இவருக்குத் தூக்க மருந்தாகிவிட்டதே.

அவள் எழுந்தாள். பிளவிலிருந்து கறுப்புத் தட்டைப் பிடுங்கினாள். பையிலிருந்து புதுத் தட்டை எடுத்துச் செருகி, நான்கு ஓரத்தையும் கட்டைவிரலால் அழுத்தினாள். குளிர்ந்த, வாசனையற்ற, சுத்தமான காற்று அறைக்குள் இறங்கியது.

"வேண்டாம்மா," என்றார் ஞானசிகாமணி. முதல் முறையாக அவர் முகத்தில் பயம் வந்தது. "அதை எடுத்துட்டுப் போயிராத."

"இது என் தம்பிக்கு உள்ளது. உமக்கு இனிமே நல்ல காத்து. தினமும் புதுசு. நீரு நல்லா இருந்து, நூறு வயசு வரைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டுக் கிடக்கணும்."

சுடலையின் தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு அவள் போகும் கதவு வழியாக வெளியேறினாள்.

அதன்பிறகு ஒருநாளும் பூரணி தட்டு மாற்றத் தவறியதில்லை. கிடங்கில் நின்று, கீறல் இல்லாததாகப் பொறுக்கி எடுத்து வருவாள். பிளவைத் துடைத்துவிட்டுத்தான் செருகுவாள். அவருடைய இருமல் நின்றது. காகிதங்கள் மறைந்தன. கட்டில் மட்டும் மாலையில் கசங்காமல் இருந்தது. அவர் அதில் படுப்பதே இல்லை என்பது விரிப்புப் போடும்போது தெரிந்துவிடும். அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மழைக்காலம் தொடங்கியதும் லோகா அக்கா மறுபடி பிடித்து நிறுத்தினார். இந்த முறை சிரித்த முகம்.

"இந்த டவர்லயே உன்னை மாதிரி பாதியாளு கிடையாதுன்னு மேல எழுதிப் போட்டிருக்கேன் தங்கச்சி. ஆனா அந்த மனுசன் பாரு, அறையை மாத்திக் குடுன்னு வந்து அழுவுறாரு. நல்லா பார்த்துக்கிற ஆளை விட்டுட்டு எங்க போவீங்கன்னு திட்டி அனுப்பிட்டேன்."

"நல்லதுக்கா," என்றாள் பூரணி. கையில் அவருக்கான நாளைய தட்டு இருந்தது. "அவரு எங்கிட்டயே இருக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்."