நகராத புள்ளி

அந்தப் புள்ளி ஆறு நாட்களாக ஒரே இடத்தில் நின்றது. ஏழாவது நாள், திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு, அது நகர்ந்தது.

வானிலை அலுவலகத்தின் மேல்மாடியில், ஏசியின் இரைச்சலும் ஆறிப்போன தேநீரின் வாடையும் தங்கிப்போன அந்த நீளமான அறையில், முன்னறிவிப்பாளர் வாராந்தர அறிக்கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். செவ்வாய் முதல் வியாழன் வரை ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கனமழைக்கு வாய்ப்பு, சூறைக்காற்று வீசக்கூடும், வெட்டவெளியில் நிற்க வேண்டாம். இன்றைக்கு மட்டும் எதுவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வானம் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது.

நகராதது மழையில்லை. அங்கே வேலைக்குச் சேரும் எவருக்கும் முதல் நாளே சொல்லித்தருவது அதுதான். மலையிலோ கட்டடத்திலோ பட்டுத் திரும்பும் அலைகூட ரேடார் திரையில் மழை போலவே புள்ளியாக விழும். அந்தப் பொய்ப் புள்ளிகளைக் காலையில் வந்ததும் துடைத்துவிட வேண்டும். இதையும் அவள்தான் ஆறு நாளும் துடைத்தாள். ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் பெரிதாகவே திரும்பி வந்தது. தன் வீட்டுத் தெருவுக்கு மேலேயே அது நிற்பதைப் பார்த்து, யாரோ புதிதாகச் செல்போன் டவர் நட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். தினமும் அதே தெருவில் நடந்து வந்தும், அப்படி ஒரு டவரைப் பார்த்ததே இல்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் மாறும். அடுத்த படத்தில் புள்ளி பிரதான சாலைக்கு வந்திருந்தது. அதற்கடுத்ததில் பாலம் தாண்டியிருந்தது. காற்றுக்கு எதிராக.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

பக்கத்து மேசைக்காரர் கோடையிலும் குடையோடு வருவார். அதனால் ஆபீஸ் முழுக்க அவருக்குக் 'குடை' என்றே பெயர். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"பறவைக் கூட்டம்மா. விடு."

"பறவை ரோட்டைப் பிடிச்சு, பாலம் ஏறியா சார் போகும்?"

"ஒழுங்கா ரூல்ஸ் தெரிஞ்ச பறவை போல." சிரித்துக்கொண்டே தேநீருக்குக் கிளம்பிவிட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு நாட்களாகக் காய்ச்சலில் வீட்டைவிட்டு நகராமல் கிடந்தவள் அவளுடைய மகள். இன்றுதான் எழுந்திருந்தாள். நான்கு மணிக்கு அப்பாவோடு ஸ்கூட்டரில் ஓவிய வகுப்புக்குக் கிளம்புவதாகச் சொல்லியிருந்தாள்.

கணவரை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்.

"என்ன மேடம், புயல் எச்சரிக்கையா?"

"எங்க இருக்கீங்க?"

"ரவுண்டானா தாண்டி, பெட்ரோல் பங்க் பக்கத்துல. நீ கூப்பிட்டியேன்னு ஓரங்கட்டிட்டேன். இங்க வெயில் மண்டையைப் பொளக்குது, நீங்க என்னடான்னா நாளைக்கு மழைங்கறீங்க."

படம் மாறியது. புள்ளி, பெட்ரோல் பங்க் பக்கத்தில். நின்றிருந்தது.

பின்னாலிருந்து மகளின் குரல், சிரிப்பும் மூச்சுமாக: "அம்மா! என் முடியெல்லாம் தானா மேல நிக்குதும்மா! அப்பா மீசைகூட!"

முடி எப்போது அப்படி நிற்கும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கான இடிமின்னல் துண்டுப் பிரசுரத்தில் வருடாவருடம் எழுதுபவளே அவள்தான். மேலே இருப்பது, கீழே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால்.

"வண்டியை எடுங்க. இங்க வந்துடுங்க."

"ஆபீசுக்கா? இவ கிளாஸுக்கு நேரமா..."

"ரெண்டு கிலோமீட்டர்தாங்க. இங்க இடிதாங்கி இருக்கு. எதுவும் கேக்காதீங்க. எங்கயும் நிக்காம வாங்க!"

இணைப்பு கரகரத்து அறுந்தது.

காத்திருந்தாள். ஏசி நின்றிருந்தது, எப்போது நின்றது என்று தெரியவில்லை. நாக்கில் இரும்புச் சுவை. கையில் மயிர்க்கூச்செறிப்பு.

படம் மாறியது. புள்ளி பாதி வழியில். சிவப்பாக.

ஐந்து நிமிடம்.

மறுபடி மாறியது. திரை காலி.

எங்குமே இல்லை. அவள் மூச்சை விட்டாள். மேசையைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை சிரித்தும்விட்டாள்.

பிறகு நினைவு வந்தது. ரேடார் நாலாபக்கமும் பார்க்கும். தன் தலைக்கு நேர் மேலே மட்டும் அதற்குக் கண் கிடையாது. அந்த ரேடார் இந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியில் இருக்கிறது.

ஜன்னலுக்கு ஓடினாள்.

முற்றம் முழுக்க வெயில். மேகம் இல்லை. சத்தம் இல்லை. ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது, சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கணவர் மகளின் ஒரு கையைத் தன் இரண்டு கைகளாலும் பற்றியிருந்தார். கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருந்தார். மகள் மறுகையை அம்மாவைப் பார்த்து ஆட்டினாள்.

தரையில் மகளின் நிழல், அவள் கால்களை விட்டு விலகியிருந்தது.

ஒரு சாண்.

ஒரு முழம்.