தள்ளிவிட்ட படங்களில் ஒரு கை

நாற்பத்தோராவது படத்தில் நான்கு விரல்கள் கூடுதலாக இருந்தன.

கிருஷ்ணவேணி முதலில் பயப்படவில்லை. எரிச்சல்தான் பட்டாள். எக்ஸ்ரே எடுக்கும்போது நிற்க முடியாத வயசாளிகளையும் அடங்காத குழந்தைகளையும் கூட வந்தவர்கள் பிடித்துக்கொள்வார்கள், பிடித்தவர் கை உள்ளே விழுந்து படம் கெட்டுப்போகும், இன்னொன்று எடுப்பார்கள். அவளுடைய அட்டவணையில் அதற்கென்றே 'பிடித்தவர் கை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு கோடு போடப் போனவள் ஓரத்தில் இருந்த விவரத்தைப் படித்துவிட்டு நிறுத்தினாள். ஆண், முப்பத்தெட்டு வயது, வேலையில் சேர்வதற்கான உடல்தகுதிப் பரிசோதனை. நடந்து வந்து, நின்று, மூச்சைப் பிடித்து, நடந்தே போன ஆள். இவரை யார் எதற்காகப் பிடிக்க வேண்டும்?

எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷ ஆய்வு அது. கூடப் படிக்கிறவர்கள் மூளை, இதயம் என்று பெரிய தலைப்பாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ள, அவளுக்கு வாய்த்தது குப்பைக்கூடை. நான்காம் எண் எக்ஸ்ரே அறையில் ஒரு வருஷத்தில் எடுத்து, சரியில்லை என்று தள்ளிவிட்ட படங்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். ஒவ்வொன்றும் ஏன் தள்ளப்பட்டது என்று பார்த்துப் பிரித்து எண்ண வேண்டும். ஆள் அசைந்தது, மூச்சை விட்டது, சங்கிலியைக் கழற்றாதது, பின்னல் முன்னால் விழுந்தது. தள்ளிய படத்தை டாக்டர்கள் பார்ப்பதில்லை. எடுத்தவர்கள்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை. பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி எடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். கம்ப்யூட்டர் மட்டும் ஒன்றையும் விடாமல் வைத்திருந்தது.

அறை நிலத்தடித் தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. மேலே ஐப்பசியின் துலாமாத மழை சொல்லிவைத்தாற்போல மூன்று மணிக்கு வந்து இடித்துக்கொண்டிருக்க, கீழே அது சுவருக்குள் குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கும் சத்தமாக மட்டும், யாரோ நிறுத்தாமல் தொண்டையைச் செருமுவதுபோலக் கேட்கும். ஏசியின் குளிரோடு பினாயில் வாசனையும், ஆணியில் தொங்கும் ஈய அங்கிகளில் ஊறிப்போன பலபேர் வியர்வையின் வாசனையும் கலந்திருக்க, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே உட்கார்ந்திருப்பவளுக்குப் பகலா இரவா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல முடியும். அன்று சாயங்காலத்துக்குள் அதே விரல்கள் இன்னும் ஆறு படங்களில் கிடைத்தன. எல்லாமே நெஞ்சுப் படங்கள். எல்லாவற்றிலும் இடது தோளுக்குக் கீழே, மேற்கையைச் சுற்றி, அழுத்தாமல், தெருவைக் கடக்க உதவுகிறவர் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தன.

மறுநாள் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தாள். யார் விரலையும் மடக்கிப் பார்க்கலாம்: கட்டைவிரலுக்கு இரண்டு எலும்பு, மற்ற நான்குக்கும் மூன்று மூன்று. பென்சில் முனையைத் திரையில் வைத்து எண்ணினாள். நான்கு. அடுத்த விரலை எண்ணினாள். நான்கு. நான்கு விரலிலும் நான்கு நான்கு எலும்புகள், ஒழுங்காக, பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பதுபோல. அவள் தன் கையை மேஜைக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அந்த வருஷத்துப் படங்கள் முழுக்கத் தேடியதில் இருபத்துமூன்று படங்கள் கிடைத்தன. பட்டியலை எடுத்துக்கொண்டு அவளுடைய வழிகாட்டி பத்மஜாவிடம் போனாள். பத்மஜா கரமனை அக்ரகாரத்துக்காரர். வகுப்பில் மலையாளமும் இங்கிலீஷும். தமிழ்ப் பிள்ளைகளிடம் தனியாகப் பேசும்போது மட்டும் வீட்டுத் தமிழுக்கு வந்துவிடுவார்.

"டிடெக்டர் பழசுடீ, கேட்டியோ. முன்னாடி எடுத்த படத்தோட மிச்சம் அதிலே தங்கிடும். இந்த இருபத்துமூணையும் தூக்கிட்டு டேட்டாவை கிளீன் பண்ணு."

"விரல்ல நாலு எலும்பு இருக்கு மேடம்."

"ரெண்டு கை ஒண்ணு மேலே ஒண்ணு விழுந்தா நாலென்ன, ஆறுகூடத் தெரியும். அடுத்த மாசம் சப்மிஷன் இல்லியோ? போய் எழுதற வழியைப் பாரு."

நியாயமான பதில்தான். கிருஷ்ணவேணி அதை நம்ப ரொம்பவும் ஆசைப்பட்டாள். நீக்குவதற்கு முன்னால் இருபத்துமூன்றின் விவரங்களையும் ஒருதடவை ஓட்டிப் பார்த்தபோதுதான் பத்தொன்பதாவதில் வந்து நின்றாள். ஜெயபாய், நாற்பத்துநான்கு வயது, வித்துரா. தள்ளிய காரணம்: அசைந்தார். எடுத்தவர்: கிருஷ்ணவேணி.

அவள் அங்கே பயிற்சிக்குப் படம் எடுத்த நாள்; ஞாபகம் இருந்தது. எஸ்டேட் வேலைக்காரம்மா, நனைந்த தலை, குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றது. வெளியே நாற்பது பேர் வரிசை. திரையில் ஏதோ நிழல் விழுந்ததைப் பார்த்ததும், என்னவென்றுகூடப் பார்க்காமல் தள்ளிவிட்டு இன்னொன்று எடுத்தாள். அது சுத்தமாக வந்தது. "நல்லா வந்திருக்கா கண்ணு?" என்று அந்த அம்மா கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லக்கா, தைரியமா போங்க" என்று சொல்லி அனுப்பியதும் இவள்தான்.

பதிவேட்டில் இருந்த நம்பரைக் கூப்பிட்டாள். ஒரு பெண் குரல் எடுத்தது, சின்ன வயசுக் குரல்.

"அம்மா போயிட்டாங்களே அக்கா. அங்க படம் எடுத்துட்டு வந்த ஆறாம் நாளு. கல்லாத்துல குளிக்கப் போன எடத்துல. நல்லா நீந்துவாங்க அக்கா."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. முப்பத்தெட்டு வயது ஆளைக் கூப்பிட்டாள். வேலையில் சேர்ந்த இரண்டாம் நாள் கழக்கூட்டத்தில் லாரி அடித்திருந்தது. ஒருவர் தூங்கி எழுந்திருக்கவில்லை. ஒரு காலேஜ் பெண் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போய் விழுந்திருந்தாள். எல்லோருடைய இரண்டாவது படமும் சுத்தம், எல்லோருக்கும் 'குறை ஒன்றும் இல்லை' என்று ரிப்போர்ட். ஒருவர்கூடப் பத்து நாளைத் தாண்டவில்லை. ஏழாவது நம்பரோடு போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

லீலாபாய் சேச்சி அந்த அறையில் முப்பது வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறவர். கிருஷ்ணவேணி திரையை அவர் பக்கம் திருப்பினாள். லீலாபாய் திரையைப் பார்க்காமல் இவள் முகத்தைப் பார்த்தார்.

"அதை நோக்கிக்கிட்டு இருக்காதே மோளே. தள்ளு. ரெண்டாவது எடு. ரெண்டாவதுல இருக்காது."

"இல்லாம எங்க போவும் சேச்சி?"

"படத்துல இருக்காது. அவ்வளவுதான்."

கைப்பையை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

அந்த வாரம்தான் அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது. அப்பா சிவதாணுவுக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மா, இவள் பிளஸ் டூ படிக்கும்போதே போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் இரண்டே பேர். இவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டதும், ராத்திரி படிக்கும்போது தானும் தூங்காமல் எதிரே உட்கார்ந்து தினத்தாளை நான்காவது முறை படித்ததும் அந்த மனுஷன்தான். அவர் இல்லாவிட்டால் தனக்கு இந்த ஊரில் ஒன்றுமே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு முன் நெஞ்சுப் படம் வேண்டும் என்று சீட்டு எழுதியிருந்தார்கள்.

"வேற எங்கயாம் எடுப்போம்பா."

"நல்ல கதையா இருக்கே! மக படிக்கப்பட்ட ஆஸ்பத்திரிய விட்டுட்டு வேற எடத்துல போயி வரிசையில நிக்கதா? கேக்கப்பட்டவன் சிரிப்பான் மக்கா."

அவர் சொன்னதற்காக அவள் சம்மதிக்கவில்லை; காரணம் வேறு. வேறு இடத்தில் தள்ளிய படங்களை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? அங்கே அந்தக் கை இல்லை என்று யார் சொன்னது? அங்கேயும் எவளாவது ஒரு கிருஷ்ணவேணி பார்க்காமல் பொத்தானை அழுத்திவிட்டு, தைரியமாகப் போங்க என்று சொல்லி அனுப்புவாள். இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒன்று பிடிபட்டது. நிஜமாகவே உறவுக்காரர்கள் பிடித்துக்கொண்டு எடுத்த படங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் மறுபடி திறந்து, விழுந்திருந்த ஒவ்வொரு விரலையும் எண்ணினாள். மூன்று, மூன்று, மூன்று. ஒன்றில்கூட அது இல்லை. தனியாக நின்றவர்களிடம்தான் அது வந்திருக்கிறது. யாராவது பிடித்திருந்தால் அதற்கு இடமில்லை.

பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் தூங்கினாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டரை மணிக்குக் கூட்டம் வடிந்ததும் அப்பாவை உள்ளே கூட்டிப்போனாள். பொத்தானை அழுத்த, கண்ணாடித் தடுப்புக்கு வெளியே, கூடப் படிக்கும் ஜினுவை உட்கார வைத்திருந்தாள். படம் எடுக்கிறவர்கள் நோயாளியைப் பிடிக்கக் கூடாது என்பது முதல் வருஷம் முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவது. இவள் ஈய அங்கியை மாட்டுவதைப் பார்த்த ஜினுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உனக்கு வட்டாடீ, பைத்தியமா? அச்சனுக்கு நிக்கத் தெரியாதா?"

"நீ அழுத்து. போதும்."

அப்பா சட்டையைக் கழற்றினார். ருத்திராட்ச மாலையையும் கண்ணாடியையும் கழற்றி அவளிடம் கொடுத்தார். பலகையில் நெஞ்சை ஒட்டி, மோவாயைத் தூக்கி, சுவரைப் பார்த்து, கைகளை இடுப்பில் வைத்து நின்றார். அவள் பின்னால் குனிந்து, ஈய அங்கி படத்தை மறைக்காதபடி கைகளை மட்டும் நீட்டி அவருடைய இரண்டு மேற்கைகளையும் பிடித்தாள். சந்தன சோப்பு வாசனை அடித்தது. தோல் இவ்வளவு தளர்ந்துவிட்டதா என்று அப்போதுதான் தெரிந்தது.

"என்ன மக்கா, சின்னப் பிள்ளைய பிடிக்க மாதிரி பிடிக்க?"

"பேசாம நில்லுங்கப்பா."

ஒலிபெருக்கியில் ஜினு. "அங்கிளே, சுவாசம் எடுத்து பிடிக்கணும்."

எக்ஸ்ரே குழாய்க்குள் ஏதோ சுழலத் தொடங்கும் சத்தம் மெல்ல ஏறி, ஒரு சின்ன 'பீப்'பில் முடிந்தது. அவள் கையை எடுக்கவில்லை. சுவருக்குள் தண்ணீர் செருமிக்கொண்டிருந்தது. மேலே மழை வந்துவிட்டிருந்தது.

"ஆச்சுடீ. வா, நோக்கு."

"அப்பா, அசையாதீங்க. படம் சரியா இருக்கான்னு பாத்துட்டு வாறேன்."

கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். திரையைப் பார்க்குமுன் கண்ணை ஒருதடவை மூடித் திறந்தாள்.

இரண்டு நுரையீரல்கள், கறுப்பாக, சுத்தமாக. இதயம். இரண்டு மேற்கைகளிலும் விரல்கள். வலது பக்கம் அவளுடைய மோதிரம் வெள்ளையாக. பென்சிலை எடுத்து எண்ணினாள். மூன்று. மூன்று. மூன்று. மூன்று. இடது பக்கம் எண்ணினாள். மூன்று, மூன்று, மூன்று, மூன்று. வேறு எந்தக் கையும் இல்லை. அதற்கு இடமே இல்லை.

"கை விழுந்திருக்கே. தள்ளட்டா?"

"வேண்டாம்!" கத்திவிட்டாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஜினு ஒன்றும் புரியாமல் அவள் தோளைத் தட்டினாள். அப்பா பிழைத்துவிட்டார். ஒரு வருஷத்தில் இருபத்துமூன்று பேருக்குக் கிடைக்காதது அப்பாவுக்குக் கிடைத்துவிட்டது. அந்த நிமிஷம் அவளைவிடச் சந்தோஷமான மனுஷி அந்த ஊரில் இருந்திருக்க மாட்டாள்.

மைக்கில் அப்பாவின் குரல் வந்தது.

"போதும் மக்கா. கைய எடு. படம் எடுத்தாச்சுல்லா?"

கிருஷ்ணவேணி நிமிரவில்லை. கண் திரையிலேயே இருந்தது. அவளுடைய இரண்டு கையும் மேஜைமேல் இருந்தன. ஜினுவின் கை அவள் தோளில்.

"பிடி விடு மக்கா. வலிக்கி."

நிமிர்ந்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் அப்பா அதே இடத்தில், சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவரைச் சுற்றி யாரும் இல்லை. அறையில் யாரும் இல்லை. இடது மேற்கையில் தோல் உள்ளே போயிருந்தது. நான்கு இடத்தில். நீளமாக. கைக்கு அந்தப் பக்கம் சுற்றிப்போய், திரும்பி இந்தப் பக்கம் வரும் அளவுக்கு நீளமாக.

பிடித்திருந்தவரை அது வரவில்லை. விட்டாள். அவளேதான் விட்டாள்.

கதவு. கைப்பிடி. ஈய அங்கி எங்கேயோ மாட்டிக்கொண்டது. இழுத்தாள். கதவு திறக்கவில்லை. அது உள்ளே தள்ளும் கதவா, வெளியே இழுக்கும் கதவா? ஒன்றரை வருஷமாகத் திறந்த கதவு. ஜினு எதையோ கேட்டாள். காதில் விழவில்லை.

"எங்க மக்கா? சட்ட போடாண்டாமா?"

அப்பாவின் இடது கை இடுப்பிலிருந்து தானாக உயர்ந்தது. முன்னால் நீண்டது. அவர் திரும்பினார். கண்ணாடி போடாத கண்ணைச் சுருக்கி, பக்கத்தில், தன் தலைக்கும் மேலே எதையோ பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வாறேன், வாறேன். இழுக்காத."

அவள் அடித்தாள். கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள். ஈயக் கண்ணாடி; சத்தம் அந்தப் பக்கம் போகாது.

அப்பா சிரித்துக்கொண்டே, கையைக் கொடுத்துவிட்டு, அவள் இல்லாத பக்கமாக நடந்தார்.