கல்யாணக் கேசட்டில் ஓடிய குதிரைகள்

அத்தையின் கல்யாணக் கேசட்டில் திடீரென்று குதிரைகள் ஓடின.

அதைப் பார்த்தவள் பட்டாசு மட்டும்தான். பட்டாசு பத்து வயதுப் பெண். மனதில் பட்டதைப் படாரென்று சொல்லிவிடுவாள் என்பதால் வீட்டில் வைத்த பெயர் அது. பள்ளி விடுமுறைக்கு மாமா வீட்டுக்கு வந்திருந்தாள்.

மாமா வீட்டில் இன்னும் ஒரு பழைய வீடியோ டெக் இருந்தது. புத்தகம் அளவுக் கறுப்புக் கேசட்டை அதன் வாய்க்குள் தள்ளினால், 'கடக்' என்று விழுங்கிக்கொண்டு டிவியில் படம் காட்டும். கல்யாண நாள் வந்துவிட்டால் அத்தை அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். படத்தின் கடைசியில் மாமா தான் போட்டிருக்கும் புதுக் கோட்டுத் துணியைத் தடவிக்கொண்டே கேமராவைப் பார்த்து அசடு வழிவார். அந்த இடத்தில் அத்தை சிரித்துவிட்டு டெக்கை நிறுத்திவிடுவார்.

இந்த முறை அதே நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கியது. அத்தை சமையலறைக்கு ஓடினார். நாடா தன்பாட்டுக்கு ஓடியது.

மாமாவின் முகம் நெளிந்தது. திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் பொரிந்தன. அப்புறம் கறுப்பு வெள்ளையில் ஒரு பெரிய வெட்டவெளி வந்தது.

நூறு குதிரைகள் இருக்கும். புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பாய்ந்தன. பட்டாசுக்குக் கண் இமைக்கக்கூட மறந்துபோனது. இவ்வளவு சின்ன டிவிக்குள் அவ்வளவு பெரிய வானம் எப்படி அடங்கியது?

அகலத் தொப்பி போட்ட கௌபாய் ஒருவன் நடந்து வந்தான். அந்தக் குதிரைகளை ஓட்டி வந்த திருடன் அவனைப் பார்த்துச் சிரித்தான்.

"இதுல உன் குதிரை இருந்தா கூப்பிடு. வந்தா கூட்டிட்டுப் போ."

கௌபாய் கூப்பிடவில்லை. விசிலும் அடிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மண்ணில் மல்லாக்க வைத்துவிட்டு, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவ்வளவுதான். நூறு குதிரைகளில் ஒரே ஒரு சாம்பல் குதிரை மட்டும் நின்றது. திரும்பியது. மெல்ல நடந்து வந்து தொப்பிக்குள் மூக்கை விட்டது.

படம் முடிந்துவிட்டது.

பட்டாசுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் ஒன்றும் புரியவில்லை. தொப்பியை ஏன் வைத்தான்? குதிரை ஏன் வந்தது? கேசட்டை வெளியே எடுத்து மூடியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே தலைக்குக் கட்டும் ரிப்பன் போல மெல்லிய பழுப்பு நாடாதான் இருந்தது. இதற்குள்ளா அத்தனை குதிரைகளும் இருந்தன என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கௌபாய் விஷயம் தெரிந்தவர் அந்தத் தெருவில் ஒருவர்தான். மாமா வீட்டுக்கு நேர் கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் டெய்லர். 'காற்றுமலைக் காவலன்' என்ற பழைய டிவி தொடரை, அது ஒளிபரப்பான காலத்தில் வாரம் தவறாமல் கேசட்டில் பதிவு செய்து, தைத்த துணிகளுக்கு மேலே அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

பட்டாசு போனபோது அலமாரி பாதி காலியாக இருந்தது. டெய்லர் கேசட்டுகளை எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க கொண்டு போறீங்க, டெய்லர் மாமா?"

"நாளைக்குப் பழைய சாமான்காரர் வர்றார். தூக்கிக் குடுத்துடப் போறேன்."

"ஐயோ! இவ்வளவு வருஷமா சேர்த்ததையா?"

"சேர்த்து என்ன புண்ணியம், பாப்பா? கடைசிப் பாகம் இல்ல. ஒண்ணு குறைஞ்சாலும் அது செட்டு இல்ல, வெறும் குப்பை. ஒவ்வொரு தடவை தலையைத் தூக்கும்போதும் அந்தக் காலி இடம்தான் கண்ணுல படுது."

"கடைசிப் பாகம் என்னாச்சு?"

டெய்லர் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். கோக்க முடியவில்லை. "உங்க மாமாவைக் கேளு. கல்யாணத்துக்கு முதல் நாள் பார்த்துட்டுத் தரேன்னு வாங்கினான். தொலைஞ்சு போச்சுன்னான். குண்டூசியைக்கூடத் தொலைக்காதவன், இதை மட்டும் தொலைச்சானாம்! அன்னிலேர்ந்து நானும் அவனும் பேசறதில்ல."

பட்டாசின் வாய் திறந்தது. குதிரைகள் தொண்டை வரைக்கும் வந்துவிட்டன. அவளே அவற்றின் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தாள். இதை முதலில் சொல்ல வேண்டியவர் மாமா. கையால் வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அவள் பிறந்ததிலிருந்து ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

மாமா பஸ் ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாமா, கல்யாணக் கேசட்டோட வால்ல குதிரை ஓடுது."

மாமா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அத்தை காதில் விழுந்துவிடப் போகிறதே என்று சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"வீடியோ எடுக்க வந்தவர்கிட்ட கேசட் தீர்ந்துபோச்சு. டெக்குல ஒண்ணு இருக்கவும், ரீவைண்ட் பண்ணி அது மேலயே கல்யாணத்தை எடுத்துட்டார். எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது."

"எப்படி மாமா அழிஞ்சுது? கேசட்டுல சின்னப் பல்லு மாதிரி இருக்கே, அதை உடைச்சுட்டா மேல எதுவும் பதிவாகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"டெய்லர் அண்ணன் ஒரு தடவை முழுசாப் பார்த்து, சரியா பதிவாயிருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் பல்லை உடைப்பார். அந்தப் பாகத்தை அவர் பார்க்கவே இல்ல. என் கல்யாணக் கோட்டைத் தைச்சுக்கிட்டிருந்தார். 'எனக்கு நேரமில்ல, மொதல்ல நீ பாரு'ன்னு குடுத்தார். அவர்கிட்ட போய் என்னன்னு சொல்லுவேன்? வாயில வந்த பொய்யைச் சொல்லிட்டேன்."

"நீங்க முழுசாப் பார்த்தீங்களா?"

"எங்க? பாதியிலேயே 'மாப்பிள்ளையைக் கூப்பிடு'ன்னு இழுத்துட்டுப் போயிட்டாங்க. முடிவு எனக்கும் தெரியாது."

பட்டாசு மாமாவையே பார்த்தாள். மெல்ல மெல்ல அவள் கண்கள் அகன்றன. முடிவு கேசட்டில் இருக்கிறது. அழிந்துபோன முதல் பாதி எங்கேயும் போகவில்லை. இதோ, செருப்புக் காலோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது!

"மாமா, முதல் பாதி நீங்கதான்!"

"என்னது?"

"நீங்க வாயால சொல்லுங்க. மீதியைக் கேசட் காட்டும்."

"அவர் என் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டாரே..."

"நாளைக்குச் சாமான்காரர் வந்துட்டா அப்புறம் எதுவுமே இருக்காது மாமா."

காலையில் மாமா கேசட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். பட்டாசு பின்னாலேயே வந்தாள், அவர் திரும்பி ஓடிவிடாமல் இருக்க. இவ்வளவு காலையில் கல்யாணக் கேசட் எங்கே போகிறது என்று அத்தையும் இறங்கி வந்தார்.

கடையில் சாமான்காரர் சாக்கை விரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தப்பு என் மேலதான்" என்று ஆரம்பித்த மாமா, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"அப்ப என் கல்யாணம் அடுத்தவங்க கேசட்டுலயா இருக்கு?" என்று அத்தை இடுப்பில் கையை வைத்தார்.

டெய்லர் இன்னொரு கேசட்டை எடுத்துப் பெட்டியில் போட்டார். பட்டாசு கேசட்டை வாங்கி, கடையிலிருந்த டெக்கில் போட்டு, கல்யாணத்தை வேகமாக ஓட்டிவிட்டுக் குதிரைகள் வரும் இடத்தில் நிறுத்தினாள்.

"டெய்லர் மாமா, பாதிதான் அழிஞ்சுது. மீதி மாமாகிட்ட இருக்கு. கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க."

மாமா மேஜையோரமாக வந்து நின்றார். "ஒரு... ஒரு வறண்ட ஊரு அண்ணே. நம்ம காவலன் ஒரு சாம்பல் குட்டியைக் கண்டெடுக்கிறான்..."

முதலில் திக்கினார். பிறகு சூடு பிடித்தது. துணி வெட்டும் மேஜையில் விரலால் தட்டினார். டக்கடி டக்கடி என்று குதிரை வந்தது. உஸ்ஸென்று ஊதினார், மணற்காற்று வந்தது. பஸ்ஸில் 'படியில நிக்காதீங்க' என்பதைத் தவிர எதையும் சத்தமாகச் சொல்லாத மாமாவா இது? பட்டாசு வாய் பிளந்து நின்றாள்.

"குட்டி யார்கிட்டயும் வராது. எவ்வளவு கூப்பிட்டாலும் மிரண்டு ஓடும். அதனால அவன் கூப்பிடறதையே விட்டுட்டான். தினமும் சாயங்காலம் தொப்பியைக் கழற்றி மண்ணுல வெப்பான். தன் பங்குத் தண்ணியை அதுல ஊத்துவான். பக்கத்துல சும்மா உட்காருவான். ஒரு நாள் அது தானா வந்து குடிச்சுது. அதுக்கப்புறம்தான் திருடன் வந்து ஓட்டிட்டுப் போறான். அங்க வரைக்கும்தான் அண்ணே நான் பார்த்தேன்."

பட்டாசு பொத்தானை அழுத்தினாள்.

வெட்டவெளி விரிந்தது. நூறு குதிரைகள் பாய்ந்தன. கௌபாய் தொப்பியைக் கழற்றி வைத்தான். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. நேற்று பட்டாசு அதைக் கவனிக்கவே இல்லை. இப்போது கவனித்ததும் திரைக்கு இன்னும் பக்கத்தில் போனாள். நேற்று அதிசயமாக இருந்தது இன்று அதைவிடப் பெரிய அதிசயமாகிவிட்டது.

சாம்பல் குதிரை நின்றது. திரும்பியது. நடந்து வந்தது.

"வந்துடுச்சு அண்ணே!" என்றார் மாமா. முடிவை அவரும் இப்போதுதான் பார்க்கிறார்.

"வெறும் தொப்பிக்கு வந்துடுச்சுடா!" என்றார் டெய்லர். அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மாமாவின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். "மடையா! அன்னிக்கே உண்மையைச் சொல்லியிருந்தா ரெண்டு நாள் திட்டிட்டு விட்டிருப்பேனேடா!"

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

"பெட்டியை எடுத்துக்கலாமா ஐயா?" என்று சாமான்காரர் மெல்லக் கேட்டார்.

"எதை எடுக்கிறது? செட்டு முழுசாயிடுச்சே!"

"எப்படிங்க? பாதிதான் படம் இருக்கு."

"மீதி இவன்கிட்ட இருக்கு. மாடியிலதானே குடியிருக்கான், எங்க ஓடிடப் போறான்?" டெய்லர் நாற்காலியை மாமாவின் பக்கம் இழுத்துப் போட்டார். "டேய், அந்தக் குட்டியைக் கண்டெடுத்தான்னியே, அங்கேர்ந்து இன்னொரு தடவை சொல்லு. காற்றுச் சத்தத்தை விட்டுடாதே."

மாமா மேஜையில் தட்ட ஆரம்பித்தார். சாமான்காரர் வாசலையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் காலிச் சாக்கை நாலாக மடித்துத் தரையில் போட்டு, அதன் மேலேயே வசதியாக உட்கார்ந்துகொண்டார்.