கழற்றும் வரிசை

கதவு இடுக்கில் ஒட்டியிருந்த டிஷ்யூ நாடா தப்பான பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. ஏழாம் எண் தனியறை காற்றை எப்போதும் உள்ளே இழுக்கும். கிருமி வெளியே வராதிருக்க அப்படி ஓர் ஏற்பாடு. நாடா அறைப் பக்கமாக நெளிய வேண்டும். இப்போதோ, உள்ளிருந்து யாரோ மெல்ல ஊதுவதுபோல், வெளியே நின்ற நர்ஸ் பெய்ரோங்கின் பக்கமாக நெளிந்தது. அவள் கண் சிமிட்டியதும் சரியாகிவிட்டது.

சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த அறையைப் பற்றி எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் மற்றதும் வாயில் வந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

காவ்ஷியுங் நகரத்தின் அந்த மருத்துவமனையில் பெய்ரோங்குக்குப் பதினான்கு வருட சர்வீஸ். உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் ஆபத்து என்று புது நர்ஸ்களுக்குப் பாடம் எடுப்பவளே அவள்தான். முன்னறையில் நின்று கவசங்களைக் கழற்றப் பதினோரு படி. கண்ணாடிக்கு வெளியே ஒருத்தி உட்கார்ந்து ஒவ்வொரு படியையும் ஸ்பீக்கரில் வாசித்து, கண்ணால் பார்த்து, பிறகு டிக் போட வேண்டும்.

பன்னிரண்டு நாளுக்கு முன் அந்த நாற்காலியில் பெய்ரோங் இருந்தாள். கழற்றிக்கொண்டிருந்தவள் இளையவள் யூச்சென். டீ ஆர்டர் எடுக்கும் நேரம். சர்க்கரை எத்தனை சதவீதம், ஐஸ் வேண்டுமா என்று கேட்டு வார்டுக்கே டீ ஆர்டர் எடுப்பது பெய்ரோங்தான். அவளுக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது.

"ஏய் யூச்சென், உனக்குச் சர்க்கரை எவ்ளோ?"

கண்ணாடிக்குள் உதடு அசைந்தது.

"கேக்கலடி! சத்தமா சொல்லு!"

யூச்சென் அழுக்குக் கையுறையோடு முகக்கவசத்தைக் கீழே இழுத்துச் சிரித்தாள். "முப்பது சதவீதம் அக்கா! ஐஸ் வேணாம்! காசு நீங்கதான்!"

பெய்ரோங் முப்பது என்று எழுதினாள். எழுதிய பிறகுதான் பார்த்தது மூளையில் ஏறியது. அன்றே சொல்லியிருந்தால் அன்றே மருந்து கொடுத்திருப்பார்கள். அவளோ மிச்சமிருந்த நாலு டிக்கையும் பேனாவை எடுக்காமலே போட்டாள். யூச்சென் நோயில் விழுந்த பிறகு நடந்த விசாரணையில் அந்த டிக் தாள் சுத்தமாக இருந்தது. "வெளிய எங்கயோ ஊர் சுத்திட்டு நோயை வாங்கிட்டு வந்திருக்கா" என்றார்கள். அப்போதும் பெய்ரோங் தலையைத்தான் ஆட்டினாள்.

இப்போது யூச்சென் ஏழாம் அறையில், தொண்டையில் குழாயோடு.

பெய்ரோங் கவசங்களை மாட்டிக்கொண்டு உள்ளே போனபோது மதியம் மூன்று மணி வெயில் படுக்கைமேல் விழுந்திருந்தது. சுவாச இயந்திரம் சீறி அடங்கியது. காலையில் தின்ற வெங்காயத்தாள் அப்பத்தின் வாடை முகக்கவசத்துக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வந்தது. செய்த பாவத்துக்கு இது சின்ன தண்டனை என்று நினைத்துக்கொண்டாள். யூச்சென்னைத் திருப்பிப் படுக்கவைத்து, மூடிய இமைகளைத் துடைத்தாள்.

"சொல்லிடறேன்டி. இன்னைக்கே சொல்லிடறேன்."

நேற்றும் இதையேதான் சொன்னாள்.

முன்னறைக்கு வந்தாள். உள்கதவு மூடிக்கொண்டது.

"வெளிக் கையுறை" என்றது ஸ்பீக்கர்.

கழற்றினாள். "மேலங்கி." கழற்றினாள். தலைமை நர்ஸ் லீஹுவா எப்போதும் ரயிலுக்கு நேரமானவள்போல் வாசிப்பாள். இன்று நிதானம். குரல் கொஞ்சம் கரகரத்தது.

"உள் கையுறை."

கழற்றினாள். அடியில் இன்னொன்று இருந்தது.

"பயத்துல மூணு மாட்டிருக்கேன் போல, லீஹுவா அக்கா" என்று சிரித்தாள்.

"கையுறை."

கழற்றினாள். அடியில் இன்னொன்று.

நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே நாற்காலி காலி. லீஹுவா தூரத்து மேசையில், முதுகைக் காட்டிக்கொண்டு, போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"கையுறை."

வெளிக்கதவைத் தள்ளினாள்; திறக்கவில்லை. கண்ணாடியைத் தட்டினாள். "லீஹுவா அக்கா! அக்கா!" லீஹுவா திரும்பவில்லை.

மெல்ல உள்கதவின் பக்கம் திரும்பினாள். கண்ணாடிச் சதுரத்தில் படுக்கை தெரிந்தது. யூச்சென்னின் கண்கள் திறந்திருந்தன. குழாயைச் சுற்றி உதடுகள் அசையவில்லை. பார்வை மட்டும் பெய்ரோங்கின் கைகள்மேல்.

"நான் பாத்துட்டுதான் இருக்கேன் அக்கா" என்றது ஸ்பீக்கர். "ஒண்ணு விடாம பாக்கறேன்."

"மன்னிச்சிடுடி. இப்பவே போய் சொல்லிடறேன். கதவைத் திற."

"முதல்ல கழட்டுங்க."

கழற்றினாள். கழற்றினாள். குப்பைத் தொட்டி நிரம்பி, நீல ரப்பர் காலடியில் வழிந்தது.

பிறகு கை தெரிந்தது. வெறும் கை. பழைய சூட்டுத் தழும்பு. கடித்த நகம். அவள் கையேதான். சுவரில் சாய்ந்து மூச்சுவிட்டாள்.

"கையுறை" என்றது குரல், பொறுமையாக.

"இல்லடி. முடிஞ்சுது. பாரு."

"கையுறை, அக்கா."

மணிக்கட்டைப் பார்த்தாள். ரேகை மடியும் இடத்தில் தோல் லேசாகச் சுருண்டு நின்றது. மெல்லிய விளிம்பு.

அவள் மற்ற கை காத்திருக்கவில்லை. பதினான்கு வருடம் சொல்லிக்கொடுத்தபடியே, வெளிப்பக்கம் படாமல், ஒரு விரல் அந்த விளிம்புக்கு அடியில் நுழைந்து, உட்புறம் வெளியே வரும்படி, மெதுவாகச் சுருட்டத் தொடங்கியது.